பின்னால் தள்ளும் எஞ்சின்

2022ல் ஒரு நாள் காலை, திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். பாவூர்சத்திரத்தில் ஓர் அம்மா இரண்டு கூடைகளோடு ஏறினார். தென்காசியில் இறங்குகிறவர். உட்கார்ந்ததும் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முப்பது ரூவாயாம் தம்பி. கேட்டா எக்ஸ்பிரஸ்ஸுன்னு சொல்லுதாவ. எக்ஸ்பிரஸ்னா வெரசாப் போவணும்லா? இது எப்பயும் போல நின்னு நின்னுதான போவுது. ரூவா மட்டுந்தான் எக்ஸ்பிரஸ்ஸாப் போவுது.”

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். கீழப்புலியூர் தாண்டும்போதுதான் உறைத்தது, அந்த அம்மா சிரிக்கவே இல்லை என்று.

விஷயம் இதுதான். 2020ல் கொரோனாவுக்காக நிறுத்திய பாசஞ்சர் ரயில்கள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, நாடு முழுக்கப் பலவும் ‘எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்’ என்ற புதுப் பெயரோடு வந்தன. அதே மாதிரிப் பெட்டிகள், வழியெல்லாம் நிற்கும் அதே வழக்கம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. பழைய கட்டணத்துக்கு இறங்கி வர 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு முன்னேறுவது எப்படி என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். பெயர்ப் பலகையை மாற்றினால் போதும். நம் நாட்டில் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் போனாலே அந்த ரயிலுக்கு ‘சூப்பர்ஃபாஸ்ட்’ என்று பெயர், அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படி எழுதினால் உடனே ஒரு கோஷ்டி என் தோளில் கை போடும். “அதான் சார், அந்தக் கால மீட்டர் கேஜ் மாதிரி வருமா? ஜன்னலோரம், மலை, குகை, தூறல்...” என்று கண் கலங்கும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 செப்டம்பரில் செங்கோட்டை–புனலூர் மீட்டர் கேஜ் பாதையை மூடியபோது, கடைசி ரயிலில் ஏறி போட்டோ எடுத்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய வாரம் அந்த ரயிலில் போனவர்கள்? பெரும்பாலும் காரில் வந்து, ரயிலுக்கு அழுதுவிட்டு, காரில் திரும்பியவர்கள்தான். பழையதைக் கொண்டாட வேண்டுமானால் அதில் தினமும் போக வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருக்க வேண்டும். (எனக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.)

எனக்கு மெஷின் மீது கோபம் இல்லை. இந்த ஊர் மெஷினை வரவேற்ற கதையே தனி. 1904ல் இந்த மலைப்பாதை திறந்தது. அந்த வருஷம் கொல்லம் பக்கம் ஓடிய முதல் ரயிலின் எஞ்சினை, பகுதி பகுதியாகத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொண்டுபோய், துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி இழுத்துப் போனதாகச் சொல்வார்கள். புதுசைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்ததே பழசுதான். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ல்தான் நம் பக்கம் வந்தது. எல்லை மாறினாலும் ஜனங்கள் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருவது மாறவில்லை. பிழைப்பு, கல்யாணம், சபரிமலை எல்லாவற்றுக்கும் ஆரியங்காவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்தப் பாதையை 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676 மில்லிமீட்டருக்கு அகலமாக்கியது தப்பே இல்லை. செங்கோட்டையில் மாறி ஏறாமல் ஒரே ரயிலில் மலையைத் தாண்டலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் 2010ல் மூடிய பாதையில் மறுபடி ரயில் ஓடியது 2018ல். ஏறத்தாழ எட்டு வருஷம்! ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்பை முடித்துவிடும். அந்த எட்டு வருஷமும் மலை தாண்ட வேண்டியவர்கள் ரயில் டிக்கெட்டைப் போல இன்னும் பல மடங்கு கொடுத்துப் பஸ்ஸில் போனார்கள். திறப்பு விழாவில் எல்லாருக்கும் நன்றி சொல்வார்கள். காத்திருந்தவனுக்கு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

என் சண்டை இங்கேதான். முன்னேற்றத்தை நாம் முன்னால் போகிறவனை வைத்து அளக்கிறோம். சென்னையிலிருந்து குற்றாலத்துக்கு எத்தனை மணி நேரத்தில் வந்தேன் என்பது ஒரு பெருமை. ஏறத்தாழ 600 கிலோமீட்டரை ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டி வந்து, ‘எட்டரை மணி நேரம்!’ என்று டீக்கடையில் மார்தட்டுகிறவரை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். மிச்சம் பிடித்த அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? பார்க்கிங்குக்கு இடம் தேடுகிறார். பிறகு வரிசையில் நின்று, அருவியில் ரெண்டு நிமிஷம் தலையைக் காட்டி, அதையும் செல்போனில் எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்.

திருநெல்வேலி–தென்காசி சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். ஓரத்தில் நின்ற பழைய மரங்கள் போயின. சரி, ஆம்புலன்ஸ் வேகமாகப் போகும் என்றால் அதற்காக மரத்தைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அந்தச் சாலையைக் குறுக்கே கடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும், எதிர்ப்பக்கம் போய் பஸ் ஏற வேண்டிய கிழவிக்கும் அது சாலை இல்லை, ஆறு. சாலை போட்டவர் கணக்கில் மிச்சமான நிமிஷங்கள் இருக்கும். கிழவி நின்ற நிமிஷங்கள் எந்தக் கணக்கில் இருக்கிறது?

இதில் உயிரும் போயிருக்கிறது. 2024 மே 17. பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குளித்துக்கொண்டிருந்த ஜனங்கள் படியில் விழுந்தடித்து ஏறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அதற்கு முந்தைய வருஷம், 2023 ஆகஸ்டில், நாம் நிலாவில் சந்திரயானை இறக்கியிருந்தோம். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் மேலே காட்டுக்குள் மழை கொட்டுகிறது என்ற சேதி, கீழே குளிக்கிறவன் காதுக்குத் தண்ணீருக்கு முன்னால் வந்து சேர வேண்டாமா? மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அது கண்ணால் பார்த்துச் சொல்கிற முறை. தண்ணீர் வந்த பிறகு சொல்கிற முறை. கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு நான்கு வழிச் சாலையும் அகல ரயில் பாதையும் போட்டவர்கள், அந்தக் கூட்டத்தை எச்சரிக்கும் வழிக்கு அதே அவசரம் காட்டியிருந்தால் அதை நான் முன்னேற்றம் என்று எழுதியிருப்பேன்.

மெஷின் சரியான பக்கம் நகர்ந்த உதாரணமும் இதே ஊரில் இருக்கிறது. தென்காசிப் பையன் எஞ்சினியரிங் முடித்தால், பொதிகை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிச் சென்னைக்குப் போனால்தான் முன்னேற்றம் என்று வைத்திருந்தோம். 2011ல் ஸோஹோ நிறுவனம் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அந்தக் கம்பெனி எல்லாருக்கும் வேலை கொடுத்துவிடாது. அந்த ஒரு அலுவலகத்தால் ஊர் மாறிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. பக்கத்து ஊர்களில் பெண்கள் இன்னும் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஆளை மெஷினிடம் அனுப்பாமல் மெஷினை ஆளிடம் கொண்டுவர முடியும் என்று தெரிந்துவிட்டது. முடியும் என்று தெரிந்த பிறகு செய்யாமல் இருப்பவர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

“எல்லாரையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போனா வேகம் குறையுமே சார்?” என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களை ஒரு தடவை செங்கோட்டையிலிருந்து ரயிலில் மலை ஏறச் சொல்வேன். மீட்டர் கேஜ் காலத்திலும் சரி, 2018ல் அகலப் பாதை வந்தபோதும் சரி, இந்த ஏற்றத்தில் ஒரு எஞ்சினால் மட்டும் ரயிலை இழுக்க முடியவில்லை. அதற்காகக் கடைசி ரெண்டு பெட்டியைக் கழற்றி விட்டுவிட்டு, “நாங்க முன்னேறிட்டோம்” என்று கொடியாட்டிப் போகவில்லை. ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினை மாட்டித் தள்ளினார்கள். பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவு வழியாகக் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம் வரைக்கும் அத்தனை பேரும் சேர்ந்தே போனார்கள்.

முன் எஞ்சின் டிரைவருக்குப் பாதை தெரியும், சிக்னல் தெரியும். போட்டோவிலும் அவர்தான் வருவார். பின் எஞ்சின்காரருக்கு முன்னால் தெரிவதெல்லாம் ரயிலின் கடைசிப் பெட்டி மட்டும்தான். அது நகர்ந்தால்தான் அவருக்கு ரயில் நகர்ந்த மாதிரி. திட்டம் போடுகிற ஒவ்வொரு ஆபீஸிலும் அவரைப் போல ஓர் ஆளை நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும். வேறு வேலை வேண்டாம். புதுப் பாதை, புது ரோடு, புதுப் பெயர் என்று எந்த ஃபைல் வந்தாலும், “பாவூர்சத்திரத்தில் கூடையோடு நிற்கிற அம்மா ஏறியாச்சா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.