செவ்வாய்க்கிழமை மட்டும் அச்சடிக்காத கம்ப்யூட்டர்!

"நம் வீட்டுக் கம்ப்யூட்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் அச்சடிக்க மாட்டேன் என்கிறது!"

ஒரு மனைவி தன் கணவரிடம் இப்படிப் புகார் சொன்னார். கணவர் நம்புவாரா? செவ்வாய்க்கிழமை முடி வெட்டக்கூடாது, கடன் கொடுக்கக்கூடாது என்பதெல்லாம் நம் ஊர் வழக்கம். மெஷினுக்கு ஏது கிழமை?

மனைவி விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கணவரை அருகில் நிறுத்திச் செய்து காட்டினார். காகிதம் வரவே இல்லை!

இது கதை அல்ல. 2009-ம் ஆண்டு நடந்தது. அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடியது 'உபுண்டு' என்ற இனாம் மென்பொருள். கணவர் அதன் குறைப் பதிவேட்டில் இதை எழுதி வைத்தார்.

துப்பு துலக்கியபோது வேடிக்கையான சங்கதி வெளிவந்தது. அச்சுக்குப் போகும் கோப்பில் அன்றைய தேதியும் கிழமையும் இருக்கும். ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமையின் முதல் மூன்று எழுத்து டி, யு, இ. கோப்புகளை இனம் பிரிக்கும் ஒரு குட்டி நிரல், அந்த மூன்று எழுத்தையும் கண்டதும், "இது வேறு ஜாதிக் கோப்பு" என்று தப்பாக முத்திரை குத்திவிட்டது. அச்சு நின்றது! மற்றக் கிழமைகளில் தொல்லை இல்லை.

"பைத்தியக்காரப் புகார்" என்று அதை ஒதுக்கியிருந்தால்?

யார் இந்தப் பிரிப்பவர்?

இனாம் மென்பொருள் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாடு சர்க்கார் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் 'பாஸ் லினக்ஸ்' இருந்தது. அது சென்னை 'சி-டாக்' நிறுவனம் தயாரித்தது. அதற்கு அடிப்படை 'டெபியன்' என்ற மென்பொருள். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் கூடி உழைத்து உருவாக்கியது அது.

விலை கிடையாது. ஆனால் குறை உண்டு. குறைக்கு 'பக்', அதாவது பூச்சி என்று பெயர். (1947-ல் ஹார்வர்டு கம்ப்யூட்டர் ஒன்றில் நிஜமாகவே ஒரு விட்டில்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள். சொல் என்னவோ அதற்கும் பழையது.)

குறையை யாரும் எழுதி அனுப்பலாம். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த நோயாளி எந்த டாக்டரிடம் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புகிறார்கள் அல்லவா? அதுபோல வந்த புகார்களைப் படித்து, எது அவசரம், எது பழைய புகார், எது பொய் என்று பிரிக்க ஒருவர் வேண்டும். அவர் பெரும்பாலும் தொண்டர். பகலில் தன் வேலை. இரவில் ஊரார் புகார். சம்பளம் பூஜ்யம்!

இங்கேதான் சண்டை மூள்கிறது.

"வேலை செய்யவில்லை. உடனே சரிசெய்!" என்று ஒருவர் எழுதுகிறார். எது, எப்போது, எப்படி? ஒன்றும் இல்லை. சங்கரன்கோவில் விசைத்தறிக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு தறிக்காரரிடம் போய், "சேலை சரியில்லை" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "எந்தச் சேலை? எந்த இடத்தில்?" என்றுதான் கேட்பார். அதையே பிரிப்பவர் கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது!

அவர் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. ஒருவர் பாதி ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காகப் புகார் எழுதுகிறார். மாதக்கணக்கில் பதில் இல்லை. பிறகு ஒருநாள், "நெடுநாளாக யாரும் பேசவில்லை, புகார் மூடப்பட்டது" என்று ஒரு யந்திரம் அறிவிக்கிறது. குறை அப்படியே இருக்கிறது! புகார் எழுதியவரும் இனாமாக உழைத்தவர்தானே? மனிதன் எழுதியதை யந்திரம் மூடுவதை நான் ஒப்பமாட்டேன்.

ஆனாலும் அதிகத் தவறு, கேட்கும் நம்மிடம்தான் என்பேன். காரணம் இருக்கிறது.

அரை வினாடி

'எக்ஸ்.இசட்.' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு இனாம் மென்பொருள். பின்லாந்து நாட்டு லாஸ்ஸே காலின் ஏறக்குறைய தனி ஆளாகவே அதைக் கவனித்து வந்தார். 2022-ல் சிலர் அவரை நச்சரித்தார்கள். "ஏன் இத்தனை தாமதம்? வேறு ஆளிடம் ஒப்படை!" என்றார்கள். "என் மனநிலை நெடுநாளாகச் சரியில்லை, இது சம்பளமில்லாத வேலை" என்று அவர் பதில் எழுதினார். பாவம்!

உதவிக்கு வந்த ஓர் ஆசாமியிடம் பொறுப்பு மெள்ள மெள்ளப் போயிற்று. அவன் 2024-ல் அதற்குள் ஒரு திருட்டு வாசலை வைத்துவிட்டான். நச்சரித்தவர்களும் அவனுடைய கூட்டாளிகளே, பொய்ப் பெயரில் எழுதியவர்களே என்று பலரும் சந்தேகிக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் தினமும் எழுதும் கோபக் கடிதங்களுக்கு நடுவே அந்தக் கடிதங்கள் வித்தியாசமாகத் தெரியவில்லை. அதுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

வாசலைக் கண்டுபிடித்ததும் ஒரு புகார்க்காரரே! ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்ற என்ஜினீயர், தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். "மெதுவாக இருக்கிறது" என்று அலறவில்லை. அளந்தார், தோண்டினார், 2024 மார்ச் 29-ந் தேதி சான்றுகளோடு எழுதினார். அந்த மென்பொருள் உலகமெங்கும் பரவுமுன் தடுக்கப்பட்டது.

கோமதியும் கொம்பும்

நமக்கு இதில் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. சங்கரன்கோவில் மாணவி ஒருத்தி 'கோமதி' என்று தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'கோ'வில் இரட்டைக் கொம்பு முன்னே வரவேண்டும். கால் பின்னே வரவேண்டும். எழுத்துகளை அடுக்கும் நிரலில் குறை இருந்தால் கொம்பு இடம் மாறிவிடும். அல்லது நடுவே புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். அம்மன் பெயரும் கெடும், ஊர்ப் பெயரும் கெடும்!

"தமிழ் தப்பாக வருகிறது" என்று அவள் எழுதினால், ஜெர்மனியில் இருக்கும் தொண்டர் என்ன செய்வார்? அவருக்குச் சரியான 'கோ'வும் ஒன்றுதான், தப்பான 'கோ'வும் ஒன்றுதான்.

ஆகவே திரையில் வந்ததை அப்படியே படமெடுக்க வேண்டும். பக்கத்தில், காகிதத்தில் சரியான 'கோ'வைப் பெரிதாக எழுதி அதையும் படமெடுக்க வேண்டும். எந்த மென்பொருள், எத்தனையாவது பதிப்பு, எந்த எழுத்துருவில் தட்டினேன் என்று மூன்று வரி. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தமிழே தெரியாத அந்த ஜெர்மனிக்காரருக்கும் கொம்பு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பது தெரிந்துவிடும்.