பிள்ளையோடு ஒரு பகல்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பெற்றோர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்களே எழுகின்றன. பிள்ளையைத் தனிப்பயிற்சி வகுப்பில் சேர்ப்பது ஒன்று. உறவினர் இல்லத்திற்கு அனுப்பி வைப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் பெற்றோர் உடனிருப்பதில்லை. பத்தாம் வகுப்பையோ பதினொன்றாம் வகுப்பையோ முடித்த பிள்ளையோடு தந்தையோ தாயோ ஒரு முழுப் பகலை அருங்காட்சியகம் ஒன்றில் கழித்தல் வேண்டும் என்பது என் கருத்து. வேப்பூர், விருத்தாசலம் வட்டாரத்தில் வாழும் நமக்கு அதற்குத் தனிக் காரணமும் உண்டு.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. வேப்பூர் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலேயே அமைந்த ஊர். விருத்தாசலம் சந்திப்பிலிருந்து எழும்பூருக்கு நேரே இரயில்கள் செல்கின்றன. எழும்பூர் நிலையத்திலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை. ஆதலால் ஜும்ஆ தொழுகைக்கு இடையூறு நேராத வேறொரு நாளையே நாம் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மண்ணின் பெருமை

நம் வட்டாரம் மண்ணால் பெயர் பெற்றது. விருத்தாசலத்துச் சூளைகளிலிருந்து பொம்மைகளும் அகல்விளக்குகளும் மின்சாதனப் பீங்கான் பொருள்களும் வெளியூர்களுக்குச் செல்கின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் நிறுவனமும் அங்கு உண்டு. ஆயினும், "படிக்காவிட்டால் சூளை வேலைக்குத்தான் போக வேண்டும்" என்று பிள்ளைகளை அச்சுறுத்தும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நம் கைத்தொழிலை நாமே தண்டனையாக்கிக் காட்டினால், அதனை இளைஞர் எங்ஙனம் மதிப்பர்?

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் அகழாய்வுப் பொருள்கள் பேணப்படுகின்றன. தாமிரபரணிக் கரையில் ஈமத்தாழிகளோடு கிடைத்த மட்கலங்களும் இரும்புக் கருவிகளும் அவற்றுள் அடங்கும். பண்டைய மட்கலங்கள் பலவற்றில் உட்புறமும் விளிம்பும் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் இருக்கும். கலத்தைக் கவிழ்த்துச் சுட்டதனால் காற்றுப் படாத பகுதி கறுத்தது. காற்றுப் பட்ட பகுதி சிவந்தது என்று அறிஞர் விளக்குவர். பள்ளிப் பாடத்தில் 'கறுப்பு சிவப்பு மட்கலம்' என்று ஒரு வரியில் முடிந்துபோகும் இச்செய்தியை, சூளையில் உழைத்த தந்தை ஒருவர் தம் மகனுக்குக் கைவிரல்களால் காட்டி விளக்க முடியும். ஏட்டுக் கல்வி குறைந்த தந்தையும் அக்கண்ணாடிப் பேழையின் முன் ஆசிரியர் ஆகிறார். அத்தாவுக்கு இவ்வளவு தெரியுமா என்று பிள்ளை வியக்கும் அந்த ஒரு கணத்தை எந்தத் தனிப்பயிற்சி வகுப்பும் தர இயலாது.

2023ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகமும் இவ்வகையில் காணத்தக்கது. பானை ஓட்டில் தமிழி எழுத்தால் கீறப்பட்ட பெயர்களை அங்குக் காணும் தமிழ் மாணவன், மண்ணும் மொழியும் ஒன்றையொன்று காத்து வந்த வரலாற்றை உணர்வான்.

ஒரு தயக்கம்

சமுதாயப் பெரியோர் சிலருக்கு ஒரு தயக்கம் இருப்பதை நான் அறிவேன். அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் நிறைந்த இடத்திற்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா என்பதே அது. இக்கேள்வி மார்க்கப் பற்றிலிருந்து எழுவது, எள்ளத்தக்கதன்று. ஆனால் வணங்குதல் வேறு, கற்றல் வேறு. பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் தூண்டுகிறது. பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி சமற்கிருதம் கற்று, இந்திய மக்களின் சமயங்களையும் அறிவியலையும் ஆராய்ந்து பெருநூல் எழுதினார். அதனால் அவர் ஈமானில் குறைந்தவர் என்று எவரும் கூறியதில்லை. அண்டை வீட்டாரின் பண்பாட்டை அறியாமல் நல்லிணக்கத்தைப் பற்றி மேடையில் மட்டும் பேசிப் பயன் என்ன?

மேலும், அங்கு நமக்கு அந்நியமில்லாதவையும் பல உள. 1909ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவு மண்டபத்தின் செந்நிற முகப்பு, பதேப்பூர் சிக்ரியின் முகலாயக் கட்டடக் கலையை நினைவூட்டும். நம் மண்தொழிலும் இஸ்லாமிய உலகோடு நீண்ட உறவுடையது. சீனத்துச் சிங்தெசென் நகரின் வெண்ணீலப் பீங்கானுக்குரிய கோபால்ட்டு நீலம் பாரசீகத்திலிருந்து சென்றது. இராமநாதபுரம் கடற்கரையில் முஸ்லிம்கள் வாழும் பெரியபட்டினத்தில், 1980களில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. பாரசீகத்தையும் சீனத்தையும் தமிழகத்தையும் கடல் வணிகம் இணைத்த வரலாற்றுக்கு அவ்வோடுகள் சான்று.

செய்ய வேண்டுவன

ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் பார்த்துவிட முயலுதல் வீண். இரண்டு கூடங்கள் போதும். எவற்றைக் காண்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பெற்றோர் அறிவுரை கூறுவதைக் குறைத்து, வினா எழுப்புதலை மிகுதியாக்கலாம். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லுதல் நல்லது. இருவரும் சேர்ந்து தேட அதுவே வழிவகுக்கும். சென்னை செல்ல இயலாதோர்க்குக் கடலூரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

நம் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம். வீடுகளின் பரணில் கிடக்கும் ஊறுகாய்ச் சாடிகளையும் பழைய பொம்மைகளையும் வடிவச்சுகளையும் மாணவர்கள் திரட்டட்டும். அவற்றை ஆக்கியோரிடம் தொழிற்சொற்களைக் கேட்டுப் பதிவு செய்யட்டும். தமிழ்த்துறை முன்னின்றால் அச்சொற்கள் அழியாமல் நிற்கும்.

மனிதன் மண்ணிலிருந்து படைக்கப்பட்டான் என்பது நம் நம்பிக்கை. அம்மண்ணைப் பிசைந்து உயிர் வாழ்ந்த கைகளை மதிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது நம் கடமை. வரும் கோடையில் ஒரு பகலையேனும் அதற்கென ஒதுக்குவோமாக!