தெருக்கோடிச் சப்தம்

மோட்டார் வண்டியின் சப்தத்தில் சங்கீதம் உண்டா என்று கேட்டால் வித்வான்கள் சிரிப்பார்கள். ஆனால், சென்ற வாரம் நடுநிசியில் பழைய அம்பாஸடர் ஒன்று, டீஸல் என்ஜின் கடகடக்க, எங்கள் வீதி வழியே சென்றது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் தகப்பனாரிடம் அத்தகைய வண்டி ஒன்று இருந்தது. தெருக்கோடியில் அதன் சப்தம் கேட்டதும், குழந்தைகளாகிய நாங்கள் சண்டையை நிறுத்திப் புஸ்தகத்தைப் பிரிப்போம். அம்மா காப்பிக்குப் பாலை அடுப்பில் ஏற்றுவாள். அப்பா காலமாகிச் சில மாதங்களுக்குப் பின், ஒரு மாலை அவ்வண்டியை நான் ஓட்டி வந்தேன். உள்ளே பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை இறக்கத் தோன்றாமல் அம்மா நின்றாள்.

அம்பாஸடர் உற்பத்தி 2014-ம் வருஷம் நின்றுபோயிற்று. இன்றைய மின்சார வண்டிகள் பூனைபோல் வருகின்றன. பாதசாரிகளுக்கு ஆபத்தென்று, புதுமாதிரி மின்சார வண்டிகள் மெதுவாகச் செல்கையில் செயற்கைச் சப்தம் எழுப்ப வேண்டும் என்ற விதி, ஐரோப்பிய யூனியனில் 2019-ல் அமுலுக்கு வந்தது.

நல்ல விதிதான். அச்சப்தம் "வண்டி வருகிறது" என்று சொல்லும். "அப்பா வருகிறார்" என்றும் சொல்லுமா? சொல்லும், வாசலில் ஒரு குழந்தை காத்திருந்தால்!