டிக்கி திறக்கவில்லையா?

சென்ற தை மாதம் என் ஓரகத்தியின் பிள்ளைக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை 6 மணியிலிருந்து 7-30க்குள். மணி ஐந்தரை ஆகிவிட்டது. சத்திரத்து வாசலில் கார் நிற்கிறது. திருமாங்கல்யமும் கூறைப் புடவையும் டிக்கிக்குள்ளே! டிக்கியோ திறக்க மாட்டேன் என்கிறது.

மைத்துனர் சாவியை இப்படியும் அப்படியும் முறுக்கினார். பையன்கள் விரலைக் கொடுத்து மூடியை மேலே இழுத்தார்கள். "கடப்பாரை கொண்டா" என்று ஒரு குரல். ஓரகத்திக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு எங்கள் மாமியார் வந்தார். வயது எண்பது. கார் ஓட்டத் தெரியாது. "ஏண்டா இழுக்கிறீங்க? அதுவும் ஒரு பெட்டிதானே! டிரங்குப் பெட்டியிலே துணியைத் திணிச்சா சாவி திரும்புமா? மேலே ஒருத்தி உட்கார்ந்தாத்தானே திரும்பும்! நல்லா அமுக்குங்கடா" என்றார்.

இரண்டு பையன்கள் மூடியை அமுக்கினார்கள். மைத்துனர் சாவியை மெதுவாகத் திருப்பினார். 'டக்'கென்று திறந்துகொண்டது! உள்ளே பை மேல் பையாக ஏற்றி, அதற்கு மேல் ஜமக்காளச் சுருளையும் திணித்திருந்தோம்.

காரணம் எளியதுதான், சகோதரிகளே. மூடியில் ஒரு கொக்கி இருக்கிறது. அது காரின் உடம்பில் உள்ள வளைந்த கம்பியைக் கவ்விக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சாமான் மூடியை மேலே தள்ளினால், கொக்கி கம்பியோடு இறுகிவிடும். நாமும் சேர்ந்து இழுத்தால் இன்னும் இறுகும். அமுக்கினால்தான் பிடி தளரும்.

அமுக்கியும் பயனில்லையா? சாவியே திரும்பாவிட்டால் பலவந்தம் செய்யாதீர்கள். சாவி உள்ளேயே முறிந்துவிடும். பூட்டில் அழுக்கு அடைத்திருக்கலாம். கடையில் விற்கும் கிராபைட் தூளைச் சாவித் துவாரத்தில் சிறிது ஊதி, சாவியைப் பலமுறை செருகி எடுங்கள். சாவி பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினால், பூட்டையும் கொக்கியையும் இணைக்கும் கம்பி கழன்றிருக்கும். டிரைவர் ஆசனத்தருகே உள்ள நெம்புகோலை இழுத்துத் திறக்கும் காரானால், கேபிள் தளர்ந்திருக்கலாம். ஒருவர் இழுக்கும்போதே மற்றொருவர் மூடியை அமுக்கிப் பாருங்கள். பல கார்களில் பின் ஆசனத்தின் முதுகை மடக்கி, டார்ச் விளக்குடன் உள்ளே போய்க் கொக்கியைத் தள்ளிவிட முடியும்.

திறந்தவுடன் "அப்பாடா" என்று மறுபடி சாத்திவிடாதீர்கள்! பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கொக்கியைச் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். பிறகு மூடி திறந்திருக்கும்போதே, ஸ்குரூ டிரைவரால் கொக்கியை மூடும் நிலைக்குத் தள்ளி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். கொக்கி துள்ளி விடுபட்டால் மூடலாம். விடுபடாவிட்டால் மூடியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிக்கி குழந்தைகள் ஒளிந்து விளையாடும் இடமல்ல. அமெரிக்காவில் 1998-ம் வருஷக் கோடையில், மூன்றே வாரங்களில் 11 குழந்தைகள் டிக்கிக்குள் அகப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகுதான், 2001 செப்டம்பர் முதல், அங்கே புதுக் கார்களின் டிக்கிக்குள் இருட்டிலும் தெரியும் திறப்புக் கைப்பிடி கட்டாயமாயிற்று. உங்கள் காரில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிக்கியைப் பூட்டி, சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்கள் வீட்டுக் கல்யாணம்? ஏழு மணிக்குள் தாலி கட்டியாகிவிட்டது. ஆசீர்வாதம் வாங்க வந்த பிள்ளையிடம் மாமியார் சொன்னது இதுதான்: "உன் கல்யாணத்துக்குத் தாலியை டிக்கியிலே வைச்சாங்க. உன் பிள்ளை கல்யாணத்துக்காவது யாராவது மடியிலே வைச்சுக் கொண்டுவரச் சொல்லு!"