திரையில் டாக்டர் பேசுகிறார், கதவைச் சாத்துங்கள்!

வயிற்று வலி வந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லுகிறோம். கால் வீங்கினால் பத்துப் பேரிடம் காட்டுகிறோம். மனதில் வலி வந்தால்? பெற்ற தாயிடம் சொல்லவும் தயங்குகிறோம். "பைத்தியம்" என்று பட்டம் கட்டிவிடுவார்களோ என்ற பயம்!

பயத்தை விட்டுப் புறப்பட்டாலும் மனநோய் டாக்டர் பக்கத்து ஊரில் இருப்பதில்லை. 2015-16-ம் ஆண்டுகளில் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி 12 மாநிலங்களில் கணக்கு எடுத்தது. பெரியவர்கள் 100 பேரில் சுமார் 10 பேருக்கு ஏதாவது ஒரு மனக்கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் வைத்தியம் செய்துகொள்ளவே இல்லை.

வைத்தியம் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? ஏர்வாடியை மறக்க முடியுமா? 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள்.

பஸ்சில் வந்த வைத்தியம்

அந்தச் சங்கிலியை அறுக்க ஒரு வழி பிறந்திருக்கிறது. நோயாளி டாக்டரைத் தேடிப் போக வேண்டாம். டாக்டரே திரையில் வருவார்!

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1959-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில், டெலிவிஷன் மூலம் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. சென்னையில் உள்ள ஸ்கார்ப் என்ற மனநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2010-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பஸ்சை விட்டது. பஸ்சுக்குள்ளேயே ஒரு சிறு அறை. அதில் ஒரு திரை. டாக்டர் சென்னையில் இருந்தார். நோயாளி தன் ஊரில் பஸ்சுக்குள் உட்கார்ந்து அவரிடம் பேசினார். மருந்தும் அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. ஒரு நாள் கூலியை இழந்து பட்டணத்துக்கு ஓடும் கஷ்டம் இல்லை.

இன்று அந்தத் திரை நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. 2020-ம் ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு இதற்கு விதிமுறைகளை வகுத்தது. 2022-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி "டெலி மானஸ்" சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் டாக்டரிடம் இணைப்பார்.

எல்லாம் திரையில் முடியுமா?

முடியாது. லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவருக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். அதைத் திரை செய்யாது. சில மருந்துகளைத் தொலைவில் இருந்து எழுதிக் கொடுக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிந்தவரை ஆஸ்பத்திரிக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். "நேரில் வா" என்று டாக்டர் சொன்னால், உடனே போக வேண்டும்.

ஆனால் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறு.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று உறவினர்களை அனுப்பிவிடுவார். கதவு சாத்தப்படும். நோயாளி மனம்விட்டுப் பேசுவார். வீட்டிலே அந்தக் கதவைச் சாத்துவது யார்?

ஒரே அறை. ஒரே செல்போன். அதுவும் கணவர் பெயரில். மனைவி டாக்டரிடம் பேசும்போது மாமியார் அருகில் நிற்கிறார். குழந்தைகள் எட்டிப் பார்க்கின்றன. "உங்களுக்கு என்னம்மா வருத்தம்?" என்று டாக்டர் கேட்கிறார். அந்தப் பெண் என்ன சொல்வாள்? "ஒன்றும் இல்லை, டாக்டர். தூக்கம்தான் வரவில்லை" என்பாள். வருத்தத்துக்குக் காரணம் அந்த அறையிலேயே நிற்கும்போது அதை எப்படிச் சொல்வாள்? டாக்டர் தூக்கத்துக்கு மருந்து கொடுப்பார். துக்கம் அப்படியே இருக்கும்!

இரண்டு பூட்டுகள்

ஆகவே இந்த வைத்தியத்துக்கு இரண்டு பூட்டுகள் வேண்டும்.

முதல் பூட்டு வீட்டாருடையது. நோயாளி சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று டாக்டர் உங்களைக் கேட்பார். ஒளிக்காமல் சொல்லுங்கள். சொன்ன பிறகு வெளியே வந்துவிடுங்கள். ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்காதீர்கள். "என்ன பேசினாய்?" என்று குடையாதீர்கள். அறை இல்லாத வீடா? கொல்லைப்புறம் போதும், மொட்டை மாடி போதும்.

இரண்டாவது பூட்டு டாக்டருடையது. "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கேட்டதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் வேண்டும். பின்லாந்து நாட்டில் வாஸ்தாமோ என்ற நிறுவனம், நோயாளிகள் சொன்னதைக் கம்ப்யூட்டரில் குறித்து வைத்திருந்தது. ஒருவன் அதைத் திருடினான். 2020-ம் ஆண்டில், "பணம் கொடு, இல்லாவிட்டால் ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவேன்" என்று நோயாளிகளுக்கே மிரட்டல் போயிற்று! 2024-ம் ஆண்டில் குற்றவாளிக்கு 6 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் வெளியே போன ரகசியம் திரும்பி வருமா?

நம் நாட்டில் 2017-ம் ஆண்டின் மனநலச் சட்டம், ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்கிறது. அந்த உரிமையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். "நான் சொல்வதை எங்கே எழுதி வைக்கிறீர்கள்? யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

செல்போன் டாக்டரை வீட்டு வாசல்வரை கொண்டுவந்துவிட்டது. அவரை நோயாளியின் மனதுவரை கொண்டுபோவது வீட்டார் கையில்தான் இருக்கிறது. அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பணமும் வேண்டாம். கால் மணி நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கும் அன்பு போதும்!