மூன்று மணி நேரக் கல்வி

மேகத்துக்கென்று தனியாக ஒரு டெலிவிஷன் இருந்தது என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். கதை கட்டுவது என் தொழில் என்பதால் நான் சொல்வதையெல்லாம் கதை என்றே எடுத்துக்கொள்ளும் சௌகரியம் அவர்களுக்கு உண்டு. ஆனால் இது கதையல்ல. 2010-ஆம் வருஷம் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அமெரிக்காவின் நட்டநடுப் பிரதேசத்தில், கான்ஸாஸ் மாகாணத்தில், என் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை ஆராய்ச்சி மாணவர். உதவிச் சம்பளத்தில் வீட்டு வாடகை போக மிஞ்சுவது கொஞ்சம். கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டக் கட்டுப்படியாகவில்லை. ஜன்னலோரம் ஒரு ஆன்டெனா. அதில் வந்ததைப் பார்த்தோம்.

அதில் வந்தவற்றுள் ஒன்றுதான் இந்த மேக டெலிவிஷன். டிஜிட்டல் முறை வந்த பிறகு ஒரு நிலையம் தன் அலைவரிசையைப் பாகம் பிரித்துக்கொள்ளலாம். முன்வாசலில் நாடகமும் பந்தாட்டமும் நடக்கும். பக்கத்துத் திண்ணையில் இன்னொரு சானல். பல ஊர் நிலையங்கள் அந்தத் திண்ணையை வானிலைக்குக் கொடுத்திருந்தன. இருபத்துநாலு மணி நேரமும் படம், காற்று, வெப்பம், நகர்ந்து வருகிற மேகக் கூட்டம். இதைப் போய் யார் பார்ப்பார்கள் என்றுதான் முதல் நாள் நானும் கேட்டேன். மூன்றாம் நாள் காலைக் காப்பியோடு அதன் முன் உட்கார்ந்துவிட்டேன். மேகம் ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதில், ஐயா, பல நாவல்களில் இல்லாத ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது.

எனக்கு அந்தப் படத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவள் எட்டு வயதுப் பேத்தி. "பச்சைன்னா லேசான மழை தாத்தா. சிவப்புன்னா பலமா வருது. இந்தக் கொக்கி மாதிரி வளைஞ்சா ஓடணும்."

ஒரு சனிக்கிழமை காலை. வானம் பாசி பிடித்த குளத்தின் நிறத்தில் இருந்தது. மேற்கே எங்கோ சிவப்பு. நாங்கள் இருவரும் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கையில், சட்டென்று படம் மறைந்தது. அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் கையில் பல்லி போன்ற ஏதோ ஒரு ஜந்துவை வைத்துக்கொண்டு சிரித்தார். மூலையில் ஈ, ஐ என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து.

"படம் எங்கே?"

"இப்போ பாடம் தாத்தா. முடிஞ்சப்புறம்தான் வரும்."

"அப்போ இதுவரைக்கும் பார்த்தது பாடமில்லையா?"

"அது வெதர். இதுதான் பாடம்" என்றாள் குழந்தை, மிகுந்த பொறுமையோடு.

அந்த இரண்டு எழுத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஆகாயத்து அலைகள் பொதுஜனங்களின் சொத்து. நிலையங்கள் லைசென்ஸ் பெற்று அவற்றை அனுபவிக்கின்றன. அனுபவிப்பவன் சொத்துக்காரனுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? 1961-ல், எஃப்.ஸி.ஸி. என்னும் மத்தியத் தகவல் தொடர்புக் கமிஷனின் தலைவர் நியூட்டன் மினோ, ஒளிபரப்பு முதலாளிகளின் மாநாட்டுக்கே போய், உங்கள் டெலிவிஷன் பரந்த பாழ்நிலம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நமக்கெல்லாம் விருந்துக்கு அழைத்த வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லவே நா எழாது. மனிதர் சொன்னார். சொல்லி 29 வருஷம் கழித்து, 1990-ல்தான் சிறுவர் டெலிவிஷன் சட்டம் வந்தது. அப்போதும் ஜனாதிபதி, மூத்த ஜார்ஜ் புஷ், அதில் கையெழுத்துப் போடவில்லை, தடுக்கவுமில்லை, தானாகச் சட்டமாகட்டும் என்று விட்டுவிட்டார்.

சட்டம் வந்ததும் முதலாளிகள் என்ன செய்தார்கள்? பழைய கார்ட்டூன்களுக்கு விபூதி பூசி வாத்தியாராக்கினார்கள். 'ஜெட்ஸன்ஸ்' என்ற ஆகாயக் குடும்பத்துக் கேலிப் படம் இருக்கிறதே, அது எதிர்கால வாழ்க்கையைப் பற்றிக் குழந்தைகளுக்குப் போதிக்கிறது என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தார்கள். 1992-ல் இது வெளியே வந்து ஊர் சிரித்தது. உடனே கமிஷனுக்குக் கோபம் வந்தது. கமிஷனுக்குக் கோபம் வந்தால் எண்ணிக்கைதான் பிறக்கும். 1996-ல் விதி செய்தார்கள். வாரத்துக்கு 3 மணி நேரம். 16 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அரைமணிக்குக் குறையக்கூடாது. காலை 7-க்கும் இரவு 10-க்கும் நடுவே வர வேண்டும்.

அதற்கும் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இதை நான் ரஸிக்காமல் இருக்க முடியவில்லை. யூனிவிஷன் என்ற ஸ்பானிஷ் மொழிக் கம்பெனி, இரட்டைப் பிறவிச் சிறுமிகள் ஆள் மாறாட்டம் செய்யும் ஒரு மெக்ஸிகோ தொடர் நாடகத்தைக் குழந்தைக் கல்வி என்று கணக்குக் காட்டியது. 2007-ல் அதற்காக 2 கோடியே 40 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. ஆள் மாறாட்டக் கதைகள் எழுதிப் பிழைக்கும் எங்கள் கூட்டத்தில் எவனும் தன்னை வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு பணம் இழந்ததில்லை.

வானிலைச் சானலுக்கு வருவோம். 2004-ல் கமிஷன் இன்னொரு கணக்குப் போட்டது. பக்கத்துச் சானல்களில் இலவசமாக என்ன ஒளிபரப்பினாலும், வாரத்தில் 28 மணி நேரம் வரைக்கும் அரைமணிக் கல்வி, அதற்கு மேல் ஒவ்வொரு 28 மணிக்கும் இன்னும் அரைமணி. வாரத்துக்கு 168 மணி. வகுத்துப் பாருங்கள், சரியாக 3 மணி வரும். நாடகமே போடாத, பந்தாட்டமே காட்டாத, நாளெல்லாம் பூகோளத்தையும் பௌதிகத்தையும் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்த சானலுக்காகவும் நிலையம் வாரத்தில் 3 மணி நேரக் 'கல்வி' போட வேண்டியிருந்தது. அந்த 168 மணியில் ஒரு நிமிஷம்கூடக் கல்விக் கணக்கில் சேராது. ஏன்? அது எல்லாருக்குமானது, குழந்தைகளுக்கென்று தயாரித்ததல்ல. சமையலறையில் அம்மா பக்கத்தில் நின்று கற்றது கல்வியல்ல, பள்ளிக்கூட மணி அடித்த பிறகு கற்றதுதான் கல்வி என்பது போன்ற தீர்ப்பு இது.

இதைக் கேட்டுவிட்டு, பாவம் முதலாளிகள், சர்க்கார் அவர்களைப் படுத்துகிறது என்று யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டால், அவர்களோடும் எனக்குச் சண்டைதான். விதி முட்டாள்தனமாக எண்ணியது, உண்மை. ஆனால் பல்லியைக் காட்டு என்று அது சொல்லவில்லை. பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதை நிலையத்துக்கே விட்டிருந்தது. வானிலை தெரிந்த மனிதரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். கோடிக்கணக்கில் செலவழித்த ராடார் உங்கள் கூரை மேல் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஒரு அரைமணி, அந்த மனிதரைக் குழந்தைகள் பக்கம் திரும்பி நின்று, "சிவப்பு என்றால் இது, கொக்கி என்றால் இது" என்று சொல்லச் சொன்னால், விதியும் நிறைவேறியிருக்கும், பாடமும் நடந்திருக்கும். சில இடங்களில் அப்படிச் செய்திருப்பார்கள். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு அடிக்க நான் வரவில்லை. ஆனால் நான் பார்த்த நிலையம், மற்ற ஊர்களிலும் ஓடும் ஒரு பிராணிப் படச் சுருளை மலிவாக வாங்கி ஓட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது. குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பது அவர்களுக்கு ஒரு வரி. வரியை யாரும் தேவைக்கு மேல் கட்டுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்த அரைமணியில் புயல் வந்து யாரும் சாகவில்லை. அபாயச் செய்தி வந்தால் பாடத்தை வெட்டிவிட்டு அதைச் சொல்ல விதியே இடம் கொடுத்தது. என் சண்டை அதைப் பற்றியல்ல. அபாயச் செய்தி வரும்போது அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காதுகளை யார் தயார் செய்கிறார்கள் என்பதைப் பற்றி.

டொர்னாடோ என்னும் சுழல்காற்றைப் பற்றி அங்கே இரண்டு சொற்கள் வழங்குகின்றன: வாட்ச், வார்னிங். முதலாவது, மழை வரும்போல் இருக்கிறது, துணியை எடுத்து வை என்பது மாதிரி. இரண்டாவது, வந்தேவிட்டது, ஓடு. ராடாரில் தெரிந்தாலோ, ஆள் கண்ணால் கண்டாலோதான் இரண்டாவதைச் சொல்வார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அங்கே பிறந்து வளர்ந்தவர்களிலேயே நிறைய. நானும் என் மகளும் குழப்பிக்கொண்டோம். அன்று மாலை சங்கு ஊதியபோது நான் வேடிக்கை பார்க்க ஜன்னலுக்குப் போனேன். பேத்திதான் வேட்டியைப் பிடித்து இழுத்து, ஜன்னலில்லாத குளியலறைக்குக் கொண்டுபோய், முட்டி போட்டுத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ளச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். எங்களுக்குப் பழக்க யார் இருந்தார்கள்? காற்று எங்கள் ஊருக்கு வரவில்லை.

மறுவருஷம், 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கத்து மாகாணமான மிஸௌரியில் ஜாப்ளின் என்ற ஊருக்கு வந்தது. 158 பேர் மாண்டார்கள். சங்கு ஊதாமலில்லை, காற்று ஊருக்குள் நுழைவதற்கு வெகு முன்பே ஊதினார்கள். தேசிய வானிலைத் துறை பிறகு விசாரித்தபோது, முதல் எச்சரிக்கை கேட்டவுடன் ஒளிந்துகொண்டவர்கள் குறைவு என்று தெரிந்தது. பெரும்பாலோர் இன்னொரு சாட்சி வேண்டுமென்று வானத்தைப் பார்த்தார்கள், டெலிவிஷனைப் பார்த்தார்கள். டெலிவிஷனில் படம் இருந்திருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

பாடம் என்றால் என்ன என்பதற்கு 2004-ஆம் வருஷமே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. செப்டம்பரில் கமிஷன் 28-ஐயும் அரையையும் எண்ணி முடித்தது. டிசம்பர் 26-ஆம் தேதி கடல் எழுந்தது. நம் நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கில் போனார்களே, அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி கடல் நுரைப்பதைப் பார்த்துப் பெற்றோரிடம் சுநாமி என்று கத்தினாள். இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் வாத்தியார் காட்டிய படம் அவள் நினைவில் இருந்தது. அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்த வாத்தியார் எத்தனை நிமிஷம் பாடம் நடத்தினார் என்று யாரும் எண்ணவில்லை.

அமெரிக்க வானிலைத் துறைக்கே ஒரு காலத்தில் இந்த நோய் இருந்தது. டொர்னாடோ என்ற சொல்லையே முன்னறிவிப்பில் சொல்லக்கூடாது, ஜனங்கள் கிலி பிடித்து ஓடுவார்கள் என்று பல ஆண்டுகள் அடக்கி வைத்திருந்தார்கள். 1938 வரையில் அந்தத் தடை. பிறகு 1948 மார்ச் 25-ஆம் தேதி ஒக்லஹோமாவின் டிங்கர் விமானத் தளத்தில் இரண்டு ராணுவ அதிகாரிகள் துணிந்து முன்கூட்டிச் சொன்னார்கள். அன்று மாலையே வந்தது. தளத்தில் எச்சரிக்கை போயிருந்ததால் விமானங்களையும் ஆட்களையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அறிந்தவன் ஓடுவான் என்று பயந்தவர்களுக்கு, அறிந்தவன்தான் ஒழுங்காக ஒதுங்குவான் என்று தெரிய அத்தனை வருஷம் ஆயிற்று.

சரி, கமிஷனுக்குப் புத்தி வந்ததா? 2019 ஜூலையில் விதியைத் திருத்தினார்கள். பக்கத்துச் சானல்களுக்கு இருந்த தனிக் கணக்கை எடுத்துவிட்டார்கள். மேகம் இனி இடையூறில்லாமல் நகரலாம். நானும் கை தட்டத்தான் எழுந்தேன். அடுத்த வரியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். முன்வாசல் சானலில் நடக்க வேண்டிய குழந்தைப் பாடத்திலும், மூன்று மாதத்துக்கு 13 மணி நேரம் வரை, பக்கத்துச் சானலுக்குத் தள்ளிவிடலாமாம்! காலை 7 மணி என்பதும் 6 ஆயிற்று. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு விழித்திருக்கும் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று கமிஷன் சொன்னால் நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

இப்போது எல்லாரிடமும் கைபேசி இருக்கிறது, வானிலை அதில் வருகிறது, எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்பார்கள். காற்று அடித்தால் முதலில் சாய்வது எது? கைபேசிக் கோபுரமும் மின்கம்பமும். பாட்டரியில் ஓடும் ஒரு சின்ன டெலிவிஷனும் ஜன்னலோர ஆன்டெனாவும் யார் வீட்டில் இருக்கும்? மாதச் சந்தா கட்ட முடியாதவர் வீட்டில். ஆகாயத்து அலையில் அவர்களுக்கும் பங்கு உண்டென்றுதான் 1990-ல் சட்டமே செய்தார்கள்.

எண்ணுவதை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், முதலாளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிற மனிதரை வாரத்துக்கு ஒரு அரைமணி குழந்தைகளோடு பேச விடுங்கள். அதற்கு எழுத்தும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். என் பேத்திக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. பல்லிக்காரர் என்ன சொன்னார் என்று போன மாதம் கேட்டேன். "எந்தப் பல்லி தாத்தா?" என்றாள்.