ரவிக்கைக்கும் ஒரு சட்டமா?

தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. மேல் தட்டிலிருந்த பட்டுப் புடவையை எடுக்கச் சொன்னேன். கடைப் பெண் தயங்கினாள். பக்கத்திலிருந்த பையனைக் கூப்பிட்டாள்.

"ஏனம்மா, கை வலியா?" என்றேன்.

"இல்லை அக்கா. கையைத் தூக்கினால் ரவிக்கை தையல் விட்டுவிடும்" என்றாள் மெல்ல.

விசாரித்தேன். சீருடைப் புடவை கடையிலேயே கொடுக்கிறார்கள். ஆறு கஜம் யாரையும் ஏமாற்றாது. ஒல்லிக்கும் சரி, பருமனுக்கும் சரி. வம்பெல்லாம் ரவிக்கையில்தான். மூன்றே அளவுகளில் மொத்தமாகத் தைத்து வருகிறதாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் தையற்கூலி அவள் சம்பளத்திலிருந்து போகுமாம்! ஒல்லியாய் இருப்பவளுக்கு இலவசம். பிள்ளை பெற்று உடம்பு போட்டவளுக்கு அபராதம்!

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே செய்தார்கள். ரவிக்கைக்கும் ஒரு சட்டமா வேண்டும்? முதலாளிமார்களே, தையற்காரம்மா ஒருவரைக் கடைக்கு வரவழைத்து ஆளுக்கு ஆள் அளவெடுக்கச் சொல்லுங்கள். பக்கத் தையலில் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டுத் தைத்தால், பின்னால் பிரித்துவிட்டுக் கொள்ளலாம். கூடுதல் செலவு ஒரு சாண் துணி.

அந்தப் பெண்ணின் கை தாராளமாக உயர்ந்தால், விற்கப்போவது உங்கள் மேல் தட்டுப் புடவைதானே?